கணக்கெடுப்பு வேலையில் நீங்கள் பார்த்தது என்ன? அனுபவங்களைப் பகிருங்கள்

கள மேற்பார்வையாளர்:
"வீட்டில் மாற்றுத்திறனாளி யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் "இல்லை" என்பார்கள். மாற்றுத்திறன் பற்றிய புள்ளிவிவரத்துக்காக ஐ.நா.வின் கீழ் அமைந்த வாஷிங்டன் குழுவின் 6 கேள்விகளை வைத்தால் கதை மாறிவிடும். பார்வை, செவி, நடை, நினைவாற்றல், தன் வேலையைத் தானே செய்துகொள்வது, பிறரோடு பேசிப் புரிந்துகொள்வது. ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்கள்: சிரமம் இல்லை, கொஞ்சம், ரொம்ப, அறவே முடியாது. ஒரு வீட்டில் முதல் கேள்விக்கு "இல்லை" என்ற அதே பெண், நடப்பது பற்றிக் கேட்டதும், "மாமியாரா? படி ஏறவே முடியாது, நாங்கள்தான் தூக்கிவிடுவோம். வயசானா வர்றதுதானே அது?" என்றார். ஏதாவது ஒன்றில் "ரொம்ப" அல்லது "அறவே முடியாது" என்று வந்தாலே அவர் கணக்கில் சேர்ந்துவிடுவார்.

ஆனால் மாலையானால் சோர்வு. "ஆறும் நல்லாத்தானே இருக்கு?" என்று ஒரே மூச்சில் கேட்டு டிக் போட்டுவிடுவதும் நடக்கும். டேப்லெட்டில் நேரம் பதிவாவதால் கண்டுபிடித்துவிடலாம், அதைப் பார்க்க ஆள் இருந்தால். டேப்லெட் வாங்கக் கிடைக்கும் நிதி பயிற்சிக்கும் மேற்பார்வைக்கும் கிடைப்பதில்லை என்பது என் ஆதங்கம்.

பதிவேட்டுத் தரவு பார்ப்பவர்:
எங்களுக்கு வீடு வீடாகப் போகும் வேலை இல்லை. மற்ற துறைகளின் கோப்புகளோடு மல்லுக்கட்டுவதுதான் வேலை. ஒன்றில் மாவட்டம் பெயராக இருக்கும், இன்னொன்றில் குறியீட்டு எண்ணாக. மூன்றாவதில் மாவட்டம் பிரிக்கப்படுவதற்கு முந்தைய எல்லை. இவற்றைப் பொருத்தி முடிப்பதற்குள் அறிக்கைக்கான கெடு வந்துவிடும்.

ஒரு பகுதியில் தடுப்பூசி 100 சதவீதத்தைத் தாண்டி வந்தது. கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். போட்ட ஊசிகளின் எண்ணிக்கை சரிதான். கீழே வகுக்கும் எண்தான் தப்பு. பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து ஊகித்த குழந்தைகள் எண்ணிக்கை அது. பிறப்புப் பதிவு ஒழுங்காக இருந்தால் இந்த ஊகமே தேவையில்லை. ஐ.நா.வில் உலக நாடுகள் 2015-இல் ஏற்ற 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் கடைசி இலக்கின் கீழ் இதற்கும் ஒரு குறிகாட்டி உண்டு: 10 ஆண்டுக்குள் ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பிறப்புப் பதிவு 100 சதவீதம், இறப்புப் பதிவு 80 சதவீதம். கவர்ச்சியில்லாத வேலைதான். ஆனால் நலவாழ்வு, கல்வி என்று பாதி இலக்குகளுக்கு வகுக்கும் எண் இங்கிருந்துதான் வர வேண்டும். புதிதாக இன்னொரு சர்வே என்று யாராவது சொன்னால், முதலில் இதைச் சரி செய்யலாமே என்று தோன்றும்.

களப்பணியாளர்:
மேலே சொன்னது சரி. ஆனால் கதவு திறந்தால்தானே மற்றதெல்லாம்? "இது வரித்துறைக்குப் போகுமா?" என்பதுதான் எங்கள் காதில் அதிகம் விழும் கேள்வி. தனிநபர் விவரம் ரகசியம், புள்ளிவிவரத்துக்கு மட்டுமே பயன்படும் என்பது அரசுப் புள்ளிவிவரங்களுக்காக ஐ.நா. பொதுச்சபை 2014-இல் ஏற்ற அடிப்படைக் கோட்பாடுகளில் உள்ளது. வாசலில் நின்று அதை ஒப்பித்தால் யார் கேட்பார்கள்? நாட்டின் சட்டத்தில் அதை மீறினால் தண்டனை என்று இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை அச்சடித்துக் காட்டினால் சிலராவது உட்காரச் சொல்கிறார்கள்.

வெளியீட்டுப் பிரிவில் இருந்தவர்:
வேலையின்மை எண்ணைக் கொஞ்ச நாள் கழித்து வெளியிடலாமே என்று ஒரு முறை மேலிடத்திலிருந்து போன் வந்தது. வெளியீட்டு நாள்காட்டியை முன்கூட்டியே அறிவித்திருந்தோம். "தேதி எல்லோருக்கும் தெரியும், இப்போது மாற்றினால் காரணம் கேட்பார்கள்" என்றார் எங்கள் அதிகாரி. சொன்ன தேதியிலேயே வந்தது.