அம்மாவின் கேன்சர் கடவுள் கொடுத்த தண்டனையா?

பாளைமகள்:
அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், மூன்றாவது கீமோ முடிந்து வீட்டில் இருக்கிறார். போன வாரம் ஜெபிக்க வந்த ஒருவர், அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது, அதனால்தான் கர்த்தர் அடித்திருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அம்மா என் பையனின் பழைய கோடு போட்ட நோட்டில் பாவங்களை எழுதிக்கொண்டிருக்கிறார். மாமியாருக்குத் தெரியாமல் சித்திக்கு அரிசி கொடுத்தது வரைக்கும் எழுதியிருக்கிறார். பார்க்கவே முடியவில்லை. வேதம் இதைத்தான் சொல்கிறதா?

கடலோரத்தான்:
சிஸ்டர், யோவான் 9-ஐ அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். பிறவிக் குருடனைப் பார்த்து, இவன் பாவமா, பெற்றவர்கள் பாவமா என்று சீஷர்களே கேட்டார்கள். இரண்டுமில்லை என்றார் இயேசு. சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் இல்லை என்று லூக்கா 13-இல் சொல்கிறார். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணிக்கு வந்திருந்த எத்தனை பேரைக் கடல் கொண்டுபோனது! மாதாவைப் பார்க்கத்தானே வந்தார்கள்?

ஜெபராஜ்:
ஒரு பக்கத்தை மட்டும் சொல்ல வேண்டாம். தாவீது ராஜாவின் பிள்ளை இறந்தது அவன் பாவத்தினால்தான் என்று 2 சாமுவேல் 12 வெளிப்படையாகவே சொல்கிறது. கர்த்தர் சிட்சிப்பார், அதாவது கண்டித்துத் திருத்துவார் என்று எபிரெயர் 12-இலும் இருக்கிறது.

நர்ஸக்கா:
தம்பி, தாவீதிடம் போய் அவன் பாவத்தைச் சொன்ன தீர்க்கதரிசி நாத்தானைக் கர்த்தர் அனுப்பினார், இந்த வீட்டுக்கு வந்தவரை யார் அனுப்பியது? எபிரெயர் 12 அப்பா பிள்ளையை வளர்க்கிற பேச்சு, அது தண்டனை இல்லை, தண்டனையை அவர் சிலுவையில் சுமந்தாயிற்று என்றுதானே நம்புகிறோம். எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இராப்பகலாக வாயே திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை சரி. அப்புறம் உன் பாவம்தான் என்று ஆரம்பித்தார்கள், கடைசியில் கர்த்தருக்கு அவர்கள் மேல்தான் கோபம் வந்தது. என் பிள்ளை இறந்தபோது ஒரு அத்தை வந்து எதுவும் பேசாமல் மூன்று நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தார், இன்றைக்கும் அந்தக் கஞ்சிதான் ஞாபகம் இருக்கிறது. பாளைமகள், அந்த ஆளை இனி வீட்டுக்குள் விடாதீர்கள். உங்கள் சபை ஐயரை, போதகரைக் கூப்பிட்டு அம்மாவுக்குத் திருவிருந்து (அப்பமும் ரசமும்) கொடுக்கச் சொல்லுங்கள்.

பாளைமகள்:
நேற்று ராத்திரி அம்மாவுக்கு யோவான் 9-ஐ வாசித்தேன் அக்கா. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தவர், "பெத்தவங்க செஞ்ச பாவமும் இல்லையாமா?" என்று திரும்பக் கேட்டார். தான் செய்தது என் பையன் தலையில் விடிந்துவிடுமோ என்று பயந்துதான் அத்தனையும் எழுதியிருக்கிறார். அந்த வசனத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஐயர் வருகிறார்.