மஸ்டாங் ஜிடியில் சூப்பர்சார்ஜர்: ஆயில் பம்ப் கியரை மாற்றாமல் பூட்டலாமா?

எட்டு சிலிண்டர்:
நேற்று டெக்சாஸ் வேலன் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் கூடுதலாகத் திணிக்கும் கருவிதான் சூப்பர்சார்ஜர்; ஃபோர்டு மஸ்டாங் ஜிடி காரில் அதை நாமே பூட்டுவது பற்றி எழுதியிருக்கிறார். "2018 மஸ்டாங் ஜிடியில் சூப்பர்சார்ஜர் கிட்டை ஒரு வார இறுதியில் பூட்டிவிடலாம், 460 குதிரைத்திறன் 700 ஆகிவிடும், எஞ்சினைத் திறக்கவே வேண்டாம், ஒரு ஆபத்தும் இல்லை" என்கிறார். ஒரு ஆபத்தும் இல்லையாம்! மஸ்டாங் ஜிடியில் இருக்கும் அந்தக் கொயோட்டி எஞ்சினில், ஆயிலைத் தள்ளும் ஆயில் பம்ப் கியர் எதனால் ஆனது என்று இவருக்குத் தெரியுமா? உலோகப் பொடியை அச்சில் அழுத்திச் சூடேற்றிச் செய்தது. கம்பெனி கொடுத்த 460க்கு அது போதும். பம்ப், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டின் முன்முனையான மூக்கிலேயே உட்கார்ந்திருக்கிறது, கிராங்கில் வரும் ஒவ்வொரு அதிர்வும் நேராக அந்தக் கியருக்குத்தான் போகும். அதே மூக்கில் சூப்பர்சார்ஜர் பெல்ட்டையும் மாட்டி இழுக்கிறீர்கள். கியர் நொறுங்கினால் ஆயில் பிரஷர் சில நொடிகளில் பூஜ்யம், பேரிங் போச்சு, எஞ்சின் போச்சு. முதலில் கியரை மாற்றுங்கள், அப்புறம் 700 பேசலாம்.

டெக்சாஸ் வேலன்:
எழுதியது நான்தான், ஒரு வார்த்தையையும் மாற்றப் போவதில்லை. என் காரில் சூப்பர்சார்ஜர் இருக்கிறது, கம்பெனி கியர்தான் இருக்கிறது, தினமும் ஓட்டுகிறேன். கியர் உடைகிறது என்று சொல்பவர்கள் எல்லாம் ரெவ் லிமிட்டரில் (எஞ்சின் வேகம் எல்லை தாண்டாமல் தடுப்பது) வைத்து டமடமவென்று அடித்துக்கொண்டே இருப்பவர்கள், இல்லையென்றால் நேர்கோட்டு ரேஸ் நடக்கும் டிராக் ஸ்ட்ரிப்பில் பின்சக்கரம் துள்ளத் துள்ளக் கிளப்புபவர்கள். அப்படி ஓட்டினால் சூப்பர்சார்ஜர் இல்லாமலேயே உடையும். அப்புறம் ஒன்று, ஃபோர்டின் வேகக் கார்ப் பிரிவான ஃபோர்டு பெர்ஃபார்மன்ஸே ரவுஷ் கம்பெனியின் சூப்பர்சார்ஜர் கிட்டை 3 ஆண்டு, 36,000 மைல் வாரண்டியோடு விற்றது. கியர் அவ்வளவு மோசம் என்றால் ஃபோர்டு ஏன் வாரண்டி கொடுத்தது? இதற்குப் பதில் சொல்லுங்கள் தம்பி.

எட்டு சிலிண்டர்:
என்னைத் தம்பி என்று கூப்பிட வேண்டாம். போன வருடம் பிரேக் பேட் விஷயத்திலும் இப்படித்தான் ஆரம்பித்தீர்கள், நான் இன்னும் மறக்கவில்லை.

வாரண்டிக்கு வருகிறேன். சான்று பெற்ற மெக்கானிக் பூட்டியிருக்க வேண்டும், அவர்கள் கொடுத்த ட்யூனையும் (எஞ்சின் கம்ப்யூட்டரின் அமைப்பு) புல்லியையும் (பெல்ட் ஓடும் சக்கரம்) தொடக்கூடாது. வார இறுதியில் வீட்டு கராஜில் நீங்களும் உங்கள் மச்சானும் சேர்ந்து பூட்டியதற்கு அந்தத் தாள் செல்லாது. கொடுத்ததை அப்படியே வைத்துக்கொண்டு யார் ஓட்டுகிறார்கள்? இரண்டாவது மாதமே இன்னும் காற்றைத் திணிக்கச் சின்ன புல்லி போட்டுவிடுகிறார்கள்.

ஃபோர்டு என்ன நினைக்கிறது என்று தெரிய வேண்டுமா, 2020 ஷெல்பி ஜிடி500 எஞ்சினைப் பாருங்கள். 5.2 லிட்டர், 2.65 லிட்டர் ஈட்டன் சூப்பர்சார்ஜர், 760 குதிரைத்திறன். கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பது, 9.5. உங்கள் 2018 ஜிடியில் கம்ப்ரெஷன் 12. கம்பெனிக்காரன் தானே சூப்பர்சார்ஜர் வைக்கும்போது கம்ப்ரெஷனை இறக்கிவிட்டுத்தான் வைக்கிறான். நீங்கள் 12ஐ அப்படியே வைத்துக்கொண்டு மேலே எட்டு, பத்து பிஎஸ்ஐ காற்றழுத்தம் ஏற்றுகிறீர்கள். ஏற்கெனவே நிரம்பிய மூட்டையில் இன்னும் அரை மூட்டையைத் திணிக்கிற கதை. ட்யூன் கொஞ்சம் தப்பினாலும் நாக்கிங் (கலவை நேரம் தவறித் தானே வெடிப்பது) வந்து பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு பெயர்ந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் கியர்.

ஷார்ஜா செல்வம்:
கியரை விடுங்கள் ஐயா, சூட்டைப் பற்றி யாராவது பேசுகிறீர்களா? இங்கே கோடையில் வெளியே 45 டிகிரி. சூப்பர்சார்ஜர் காற்றை அழுத்தும்போதே சூடாக்குகிறது, உட்கார்ந்திருப்பதும் எஞ்சினின் இரண்டு வரிசைக்கும் நடுவே. அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் தண்ணீர் சூடாகிவிட்டால் கம்ப்யூட்டர் தானாக இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பின்னுக்கு இழுக்கும். சிக்னலில் கொஞ்ச நேரம் நின்று கிளம்பினால் 700 எங்கே போனது என்று தேட வேண்டும். எங்களுக்கு 98 ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) பெட்ரோல் கிடைப்பதால் தப்பித்தோம். அமெரிக்காவில் 93தான், அதை ஊற்றிக்கொண்டு இவ்வளவு பூஸ்ட் (திணிக்கும் காற்றழுத்தம்) வைப்பது தைரியம்தான்.

டெக்சாஸ் வேலன்:
செல்வம், உங்கள் 98ம் எங்கள் 93ம் வேறு வேறு கணக்கு. இது தெரியாமல் பெட்ரோல் பற்றிப் பேச வந்துவிட்டீர்கள்.

எட்டு சிலிண்டர்:
இந்த ஒன்றில் வேலன் சொல்வது சரி, ஆனால் பாதிதான் சொல்கிறார். ஆக்டேனை ரிசர்ச், மோட்டார் என்று இரண்டு முறையில் அளக்கிறார்கள். வளைகுடாவில் பம்பில் எழுதுவது ரிசர்ச் எண். அமெரிக்காவில் ரிசர்ச் எண்ணையும் மோட்டார் எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்து எழுதுகிறார்கள். அங்கே 93 என்றால் வளைகுடாவில் கிட்டத்தட்ட 98. ஆனால் கலிஃபோர்னியாவில் பெரும்பாலும் 91தான், 93க்குச் செய்த ட்யூனை அங்கே போட்டு ஓட்டினால் என்ன ஆகும் என்று வேலன் ஒரு வரியாவது எழுதினாரா? "யார் வேண்டுமானாலும் பூட்டலாம்" என்று மட்டும் எழுதத் தெரிகிறது. எழுதியதை நம்பிப் பணம் போடுகிறவன் சம்பளக்காரன், அவனுக்கு ஒரு எஞ்சின் போனால் இன்னொன்று வாங்க முடியாது.

ஷார்ஜா செல்வம்:
வகுத்தாலும் பெருக்கினாலும் 98 என்பது 98தான். எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

பழைய கார்புரேட்டர்:
எல்லோரும் ஏன் இப்படி அலைகிறீர்கள்? 700 வேண்டும் என்றால் கம்பெனியே செய்த ஜிடி500ஐ வாங்குங்கள். கையில் காசில்லை என்றால் 460ஐ ஒழுங்காக ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள். பிரேக், கிளட்ச், ஆறு கியர் மேனுவல் பெட்டி, டிஃபரன்ஷியல் எல்லாமே 460க்குச் செய்தவை. அதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு எஞ்சினுக்கு மட்டும் 240 கூட்டுவது என்ன நியாயம்? இன்ஷூரன்ஸ்காரனிடம் சொன்னீர்களா? சொல்லாமல் விட்டால் விபத்து நடந்த அன்று பணம் வராது.

டெக்சாஸ் வேலன்:
பெரியவர் வந்துவிட்டார். உங்கள் காலத்து கார்புரேட்டர் இல்லை இது.

பழைய கார்புரேட்டர்:
மரியாதையாகப் பேசுங்கள். நான் வால்வு கிளியரன்ஸ் வைத்துக்கொண்டிருந்தபோது நீங்கள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்திருப்பீர்கள்.

கோவை கார்த்தி:
நம்ம ஊருக்கு 2016ல் வந்த மஸ்டாங்கில் 401 குதிரைதான் கொடுத்தார்கள், அது பழைய 11 கம்ப்ரெஷன் எஞ்சின். அதில் பூட்டினால் ஆபத்து குறைவா?

எட்டு சிலிண்டர்:
கம்ப்ரெஷன் குறைவு, அந்த வகையில் கொஞ்சம் நல்லது. ஆனால் ஆயில் பம்ப் கியர் அதிலும் அதே பொடி உலோகம்தான் கார்த்தி! இதைத்தான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு வேறு இருக்கிறது, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் சித்தப்பா மகன் காரில் ஒரு கடைக்காரர் கிட்டைப் பூட்டினார், பெயர் வேண்டாம். வேறொரு காருக்குச் செய்த ட்யூனை அப்படியே ஏற்றி அனுப்பிவிட்டார். பிஸ்டன் விரிசல் விட்டது. கேட்டால் "நீங்கள் ஓட்டிய விதம்" என்றார். வேலன் சொல்வதும் அதே வார்த்தைதான், உடைந்தால் ஓட்டியவன் தப்பு. இதனால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

டெக்சாஸ் வேலன்:
அங்கே போனது பிஸ்டன். கியர் இல்லை. நீங்களே எழுதிவிட்டீர்கள், நன்றி.

அமெரிக்காவில் 1975லேயே மேக்னசன் மாஸ் சட்டம் வந்துவிட்டது. வேறு கம்பெனிப் பாகம் போட்டதற்காக மட்டும் வாரண்டியை மறுக்க முடியாது.

எட்டு சிலிண்டர்:
அந்தப் பாகத்தால்தான் எஞ்சின் கெட்டது என்று காட்டினால் மறுக்கலாம், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காரின் கம்ப்யூட்டரில் ட்யூன் மாற்றிய தடயம் இருக்கும்.

பேச்சை மாற்ற வேண்டாம். பில்லட் எஃகில் (ஒரே எஃகுக் கட்டியில்) கடைந்த கியர் கிடைக்கிறது. விலை பெரிதில்லை, முன் கவரைக் கழற்றி டைமிங் செயினை இறக்கும் கூலிதான் அதிகம். ஒரே ஒரு கேள்வி: உங்கள் காரில் மாற்றினீர்களா இல்லையா?

டெக்சாஸ் வேலன்:
தேவைப்படவில்லை என்று மேலேயே எழுதியிருக்கிறேன்.

எட்டு சிலிண்டர்:
அப்படியென்றால் 7,500 ஆர்பிஎம் வரை இழுத்து லிமிட்டரைத் தொட்டதே இல்லையா? போன மாதம் நீங்களே போட்ட வீடியோவில் லிமிட்டர் சத்தம் தெளிவாகக் கேட்கிறதே.

டெக்சாஸ் வேலன்:
அது என் மச்சான் ஓட்டியது.

ஷார்ஜா செல்வம்:
அந்த 93 கணக்கை யாராவது ஒழுங்காக விளக்குங்கள், இன்னும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்புறம், 700 என்பது எஞ்சினின் கிராங்கில் அளந்ததா, சக்கரத்தில் அளந்ததா?

எட்டு சிலிண்டர்:
செல்வம், கொஞ்சம் இருங்கள். வேலன், மச்சான் ஓட்டினாலும் கியர் அதே கியர்தான்.