கடல் இல்லாத மதுரையில் செக்ஸ்டன்ட்: எண்ணெய்த் தட்டு உச்சிவேளையில் கைவிடுவது ஏன்?

வைகைக்கரை: செக்ஸ்டன்ட் என்பது சூரியன், நட்சத்திரங்களின் உயரக் கோணத்தை அளக்கும் கப்பல் கருவி. இங்கே கடலின் தொடுவானம் இல்லாததால், மொட்டை மாடியில் தட்டில் எண்ணெய் ஊற்றி, அதில் தெரியும் சூரியனோடு நேர்ச் சூரியனைச் சேர்த்து அளக்கிறேன். காலை 9 மணிக்குச் சரியாக வருகிறது. உச்சிவேளையில் சேரவே மாட்டேன் என்கிறது. கருவியின் கை 120°-இல் நின்றுவிடுகிறது. பிம்பமும் நடுங்குகிறது. கப்பலில் இதை எப்படித்தான் பயன்படுத்தினார்கள்?

கோணமானி: கோளாறு கருவியில் இல்லை அண்ணே, நம்ம ஊர் அட்சரேகையில். சூரியன் மேலே எவ்வளவோ, பிம்பம் கீழே அவ்வளவு; தட்டில் கிடைப்பது இரண்டு மடங்கு கோணம். ஆகவே சூரியன் 60°-க்குக் கீழே இருக்க வேண்டும். மதுரையின் 9°55′-இல் உச்சிச் சூரியன் அப்படி இருப்பது ஏறக்குறைய நவம்பர் 22 முதல் ஜனவரி 20 வரைதான். டிசம்பர் 21-இல் உயரம் 56°39′, கருவியில் 113° சொச்சம். இப்போது மார்ச்சில் 140°-ஐத் தாண்டும், எப்படிச் சேரும்?

அகத்திய நட்சத்திரத்தைப் பிடியுங்கள். மார்ச் முதல் வாரம் இரவு 8 மணி வாக்கில் தெற்கே உச்சத்தில் இருக்கும். இரட்டைக் கோணம் சுமார் 54°50′. எண்ணெயில் மங்கலாகத்தான் தெரியும், தெருவிளக்கை மறைத்துக்கொள்ளுங்கள்.

கருவிப் பிழையை (பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் கருவி காட்டும் வித்தியாசத்தை) முதலில் கழித்து, பிறகு பாதியாக்குங்கள். பலரும் சறுக்கும் இடம் இது. கடலில் கண் உயரத்துக்காகச் செய்யும் திருத்தம் இங்கே கூடாது. சூரியனில் விளிம்போடு விளிம்பைத் தொடவைத்தால், பாதியாக்கிய பின் 16′ (சூரியனின் பாதி அகலம்) திருத்தம் உண்டு. முழுதாக ஒன்றின்மேல் ஒன்று ஏற்றினால் வேண்டாம்.

மசகெண்ணெய்: நடுக்கத்துக்குக் காரணம் மாடித் தளம். நீங்கள் கால் மாற்றி நின்றாலே அது அதிரும். தட்டைத் தரையில் வையுங்கள். வண்டியில் வடித்த கருப்பு ஆயில் நல்லது. நல்லெண்ணெய் என்றால் தட்டின் அடியும் ஒரு பிம்பம் காட்டும், உள்ளே கருப்பு அடிக்க வேண்டும். ஊற்றியபின் குமிழி அடங்க 10 நிமிடம் விடுங்கள். காற்றுக்குக் கண்ணாடிக் கூரை வைத்தால், பாதி அளவுகளை எடுத்ததும் கூரையை முன்பின்னாகத் திருப்பி மீதியை எடுங்கள். கண்ணாடியின் இரு பக்கமும் இணையாக இல்லாத பிழை அப்படித்தான் கழியும். நேர்ச் சூரியன், பிம்பம் இரண்டுக்கும் வடிகண்ணாடி (ஒளியைக் குறைக்கும் கருப்புக் கண்ணாடி) கட்டாயம், எண்ணெயில் தெரியும் சூரியனும் கண்ணைக் கெடுக்கும்.

வைகைக்கரை: பாதரசம்?

மசகெண்ணெய்: பிம்பம் பளிச்சென்று இருக்கும், ஆவி விஷம். வேண்டாம்.

பம்பரம்: கப்பலில் தொடுவானத்தை வைத்தே அளப்பார்கள். அது தெரியாதபோது தட்டு உதவாது, எந்தத் திரவமும் தளும்பும். அதனால்தான் ஜான் செர்சன் 1743-இல் சுழலும் பம்பரத்தின் தலையில் கண்ணாடி பதித்தார்; வேகமாகச் சுழல்வது சாய்க்க விடாது. 1744-இல் விக்டரி போர்க்கப்பலோடு அவரும் மூழ்கிப்போனார். 1886-இல் பிரெஞ்சுக் கடற்படையின் ஃப்ளூரியே அதையே செக்ஸ்டன்டுக்குள் கொண்டுவந்தார்: காற்றால் சுழலும் சக்கரம், அதில் கோடு கீறிய வில்லைகள், வேகத்தில் கோடு நிலையாகத் தெரியும், அதுவே தொடுவானத்துக்குப் பதில். ஆனால் அச்சு மெதுவாக வட்டமிடும். ஒரே அளவை நம்பினால் மோசம். ஒரு முழு வட்டம் முடியும்வரை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும்.