பையனுக்கு கவனமே நிக்கல, கராத்தே சேத்தா சரியாகுமா?

தூக்கமில்லாதவன்:
பையனுக்கு 8 வயசு, பத்து நிமிஷம் ஒரு இடத்துல உக்கார மாட்டேங்குறான், நாலு பேர் முன்னாடி வாயும் தொறக்க மாட்டான். கராத்தே சேத்தா மாறுவான்னு சொல்றாங்க, நிஜமாவா?

மஞ்சபெல்ட்:
மாறும், ஆனா ஒரே மாசத்துல இல்லீங்க. கட்டான்னு ஒன்னு இருக்கு, அசைவுகளை வரிசையா கோத்த பயிற்சி. ஷோட்டோகான்ங்கற கராத்தே பாணியில ஹெயான் ஷோடான்ங்கற கட்டாதான் பொதுவா முதல்ல வரும், அசைவெல்லாம் வரிசை மாறாம செய்யணும், நடுவுல மனசு எங்கயாவது போச்சுன்னா தப்பான பக்கம் திரும்பி நிப்பான், யாரும் திட்டவே வேணாம், அவனுக்கே தெரிஞ்சிடும்.

விழுந்தெழுந்தவள்:
நான் 37 வயசுல ஜூடோ சேந்தேன். மொதல்ல யாரையும் தூக்கிப்போட சொல்லித்தரல, விழத்தான் சொல்லிக்குடுத்தாங்க, உக்கேமின்னு பேரு. தாடைய நெஞ்சோட ஒட்டி, கையால தரையைத் தட்டி விழணும். விழுற பயம் போனதும் மீட்டிங்ல பேசுற பயமும் பாதி போச்சு, எப்படின்னு கேக்காதீங்க.

மஞ்சபெல்ட்:
ஒன்னு சொல்ல மறந்துட்டேன், சும்மா சும்மா பெல்ட் மாத்திக் குடுக்குற கிளாஸ்ல சேக்காதீங்க, அது வெறும் கலர் துணி.

தூக்கமில்லாதவன்:
அந்த விழுற கதைய கேட்டு குஷியாயிட்டான், சோபாலேந்து தினம் அதத்தான் பண்றான் 😄