விண்டோஸ் புதிதாகப் போட்டதும் வைஃபை காணோம், டிரைவர் எங்கே கிடைக்கும்? அவசரம்

கொழிஞ்சாம்பாறை_கே
வணக்கம். லேப்டாப்புக்கு விண்டோஸ் புதிதாகப் போட்டு வாங்கி வந்தேன். வைஃபை அடையாளமே இல்லை, மூலையில் உருண்டைப் படம் மட்டும் நிற்கிறது. போட்டுக் கொடுத்தவர் போன் எடுப்பதில்லை. டிரைவர்களை, அதாவது உள்ளே இருக்கும் பாகங்களை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்களை, அப்டேட் செய்யும் சாஃப்ட்வேர் ஒன்றைப் போனில் இறக்கி, பென்டிரைவ் வழியாக ஏற்றிப் பார்த்தேன். இருபத்துச் சொச்சம் டிரைவர் பழசு என்று சிவப்பாகக் காட்டிவிட்டுப் பணம் கட்டச் சொல்கிறது. கட்டலாமா? தங்கைக்குச் சித்தூர் காலேஜில் பி.ஏ. தமிழுக்கு அப்ளிகேஷன் போட வேண்டும், நாளை கடைசி. போனில் அந்தப் பக்கம் ஒழுங்காகத் திறக்க மாட்டேன் என்கிறது.

வலைவீசி
என்ன மாடல்? விண்டோஸ் 10ஆ, 11ஆ? பணம் மட்டும் கட்டிவிடாதீர்கள்.

நகரித்தறி
சித்தூர் நமக்குப் பக்கம்தான். காட்பாடிக்கு ஒரு நடை வந்தால் முடிந்தது. வைஃபை கார்டு போயிருக்கும், வேறு கார்டு மாற்றச் சொல்லுங்கள். என் மச்சானுக்கும் இதேதான் ஆனது.

கொழிஞ்சாம்பாறை_கே
அண்ணா, இது பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரா இல்லை. லேப்டாப் கறுப்பு, 15 இஞ்ச்.

பழைய_மதர்போர்டு
நிறத்தை யாரும் கேட்கவில்லை தம்பி. டாக்டரிடம் போய் "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பீர்களா? விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அமுக்கி எம்எஸ்இன்ஃபோ32 என்று அடியுங்கள். அதில் "சிஸ்டம் மாடல்", "சிஸ்டம் டைப்" என்று இரண்டு வரி இருக்கும். என் கணிப்பு: ரேம் குறைவு என்று 32 பிட் விண்டோஸ் போட்டுவிட்டிருப்பார்கள். அதில் 64 பிட் டிரைவர் ஏறவே ஏறாது. நான் பார்த்ததில் பாதிக்கு மேல் இதுதான். இதெல்லாம் கேட்பதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டு வர வேண்டிய விஷயங்கள்.

தென்னந்தோப்பு
எதற்கு இவ்வளவு பாடு? விண்டோஸுக்குப் பதில் உபுண்டு (இலவச லினக்ஸ்) போடுங்கள். டிரைவர் என்ற பேச்சே வராது.

பழைய_மதர்போர்டு
வராதா? என் பழைய லேப்டாப்பில் வைஃபை வரவைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

தென்னந்தோப்பு
அது பழைய கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) காலத்துக் கதை. இப்போது பெரும்பாலான கார்டுகள் கர்னலுக்குள்ளேயே வந்துவிடுகின்றன.

பழைய_மதர்போர்டு
"பெரும்பாலான" என்ற சொல்லில் எல்லாம் அடங்கிவிட்டது.

கொழிஞ்சாம்பாறை_கே
விண்டோஸ் 11. எக்ஸ்64 என்று போட்டிருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் "நெட்வொர்க் கன்ட்ரோலர்" என்று மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு வரி நிற்கிறது. உள்ளே போனால் எரர் கோடு (பிழை எண்) 28.

பழைய_மதர்போர்டு
11 என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நான் 32 பிட் பற்றி வாயே திறந்திருக்க மாட்டேன். 11இல் 32 பிட் கிடையாது.

வலைவீசி
நல்லது, கார்டு உயிரோடுதான் இருக்கிறது. செத்த கார்டு பெரும்பாலும் பட்டியலிலேயே வராது. கோடு 28 என்றால் டிரைவர் ஏறவில்லை, அவ்வளவுதான். கழன்று கிடந்தாலோ எரிந்து போயிருந்தாலோ அந்த வரியே இருந்திருக்காது. நகரித்தறி சொன்னபடி கார்டு வாங்கப் போக வேண்டாம்.

அந்த வரியில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டீட்டெயில்ஸ், கீழே விரியும் பட்டியலில் ஹார்டுவேர் ஐடிஸ். விஇஎன் என்பதை அடுத்து நான்கு எழுத்து இருக்கும், அது தயாரித்த கம்பெனியின் எண். 8086 என்றால் இன்டெல், 10ஈசி ரியல்டெக், 14ஈ4 பிராட்காம், 168சி குவால்காம் அத்தெரோஸ். அதன் பின்னால் டிஇவி என்று வருவது கார்டின் எண். லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் உங்கள் மாடலைத் தேடினால், இதே கம்பெனிப் பெயரில் வைஃபை டிரைவர் இருக்கும். ஒரே மாடலில் இரண்டு மூன்று கம்பெனி கார்டு போட்டு விற்பார்கள், அதனால்தான் மாடல் மட்டும் போதாது.

ஆனால் நாளைக்குள் வேண்டும் என்றால் வேறு வழி. ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் இருக்கும் இடத்தில் "யுஎஸ்பி டெதரிங்" போடுங்கள், போனின் நெட் கேபிள் வழியாக லேப்டாப்புக்கு வரும். அதற்கு வேண்டிய டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது, வைஃபை தேவையில்லை. நெட் வந்ததும் செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஆப்ஷனல் அப்டேட்ஸ். அங்கே டிரைவர் வரிசையாக வந்து நிற்கும். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

கொழிஞ்சாம்பாறை_கே
10ஈசி என்று வருகிறது. கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கம் வீடு, போன் கேரளா டவரையும் தமிழ்நாட்டு டவரையும் மாறி மாறிப் பிடிக்கும். பரவாயில்லையா? கேபிள் போட்டேன், டெதரிங் பட்டன் மங்கலாகவே இருக்கிறது.

வலைவீசி
ரியல்டெக். டவர் எதுவானாலும் சரி, நெட் நின்றால் போதும். பட்டன் மங்கலாக இருந்தால் அது சார்ஜுக்கு மட்டும் ஆகிற கேபிள். போனோடு வந்த கேபிளைப் போட்டுப் பாருங்கள்.

நகரித்தறி
சரி, கார்டு விஷயத்தை விடுங்கள். அந்த சாஃப்ட்வேர் சொல்வது மட்டும் பொய்யா? என் கணினியில் பார்த்தேன், கீபோர்டு டிரைவர் தேதி 2006 என்று இருக்கிறது. நான் கணினி வாங்கியதே போன வருஷம்தான். பழசுதானே அது?

பழைய_மதர்போர்டு
பழசுதான். பழைய டிரைவரை வைத்துக்கொண்டு புது விண்டோஸ் ஓட்டினால் ப்ளூ ஸ்கிரீன் வரத்தான் செய்யும்.

வலைவீசி
இல்லைங்க. விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்ட்டின் டிரைவர்களுக்கு 21-6-2006 என்றே தேதி போட்டு வைத்திருக்கிறார்கள். தயாரிப்பாளரின் டிரைவர் இருந்தால் விண்டோஸ் அதைத் தேர்ந்தெடுக்கட்டும், தன்னுடையது புதுசு என்று மேலே ஏறிவிடக் கூடாது என்பதற்காக. இன்டெல் சிப்செட்டில் இன்னும் வேடிக்கை, 18-7-1968 என்று இருக்கும். அந்தக் கம்பெனி தொடங்கிய நாள் அது. காரணம் அதேதான். தேதியை விடுங்கள், வெர்ஷன் எண்ணைப் பாருங்கள். இந்தத் தேதிகளைக் காட்டித்தான் அந்த மாதிரி சாஃப்ட்வேர்கள் பயமுறுத்திக் காசு கேட்கின்றன.

பழைய_மதர்போர்டு
1968 எனக்குத் தெரியும். நான் பொதுவாகச் சொன்னேன்.

தென்னந்தோப்பு
உபுண்டுவில் இந்தத் தேதிக் குழப்பமே கிடையாது.

பழைய_மதர்போர்டு
மறுபடியுமா!

வலைவீசி
இருவரும் தனி இழை போட்டுக்கொள்ளுங்கள், இவருக்கு நாளை கடைசி நாள். @கொழிஞ்சாம்பாறை_கே, புது டிரைவர் போட்டபின் ஏதாவது கெட்டால் டிரைவர் டேபில் "ரோல் பேக் டிரைவர்" இருக்கிறது, முந்தையது இருந்தால் திரும்பிவிடும். கிராஃபிக்ஸ் டிரைவருக்கு இது பெரிதும் உதவும். நன்றாக ஓடுவதை வீணாகத் தொடாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை_கே
தாங்க்ஸ்ண்ணா. அப்பாவின் போன் கேபிள் போட்டதும் வந்தது. வைஃபையும் வந்துவிட்டது. அப்ளிகேஷன் போட்டாச்சு. ஸ்பீக்கரில் சத்தம் இல்லை, அதை அப்புறம் பார்க்கிறேன்.

வலைவீசி
ஆப்ஷனல் அப்டேட்ஸில் ஆடியோ என்று ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

நகரித்தறி
அப்படியானால் என் 2006 கீபோர்டு டிரைவரை மாற்ற வேண்டாமா?

வலைவீசி
டைப் ஆகிறதல்லவா? வேண்டாம்.