உளவாளி என்று பிடித்து வைத்திருக்கும் ஆய்வாளருக்காக நாம் கையெழுத்துப் போட்டு என்ன ஆகும்?

நடுச்சாமம் | 2024 ஜூலை 6

ஐரோப்பாவில் பிஎச்டி செய்கிறேன், மூன்றாவது வருடம். போன வாரம் துறைக்குள் ஒரு மனு சுற்றுக்கு வந்தது. அகமத்ரெசா ஜலாலியை விடுவிக்கச் சொல்லி இரானுக்கு எழுதியது, கீழே பெயரும் பதவியும் போட வேண்டும். அவர் பேரிடர் மருத்துவத்தில் நிபுணர். பூகம்பமோ குண்டுவெடிப்போ நடந்தால் ஆஸ்பத்திரி எப்படித் தாக்குப்பிடிக்கும் என்ற மாதிரியான ஆராய்ச்சி. இரானில் பிறந்து சுவீடனில் குடியேறியவர், பெல்ஜியத்திலும் இத்தாலியிலும் பாடம் நடத்தியவர். 2016 ஏப்ரலில் இரானியப் பல்கலைக்கழகங்கள் கூப்பிட்டதால் போனார், அங்கேயே பிடித்துவிட்டார்கள். அணு விஞ்ஞானிகளைப் பற்றி இஸ்ரேலிய உளவுத்துறையான மொசாத்துக்குத் தகவல் கொடுத்தார் என்று 2017 அக்டோபரில் மரண தண்டனை. அவரோ, இரானுக்காக ஐரோப்பாவில் உளவு பார்க்கச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன், அதற்குத்தான் இந்தத் தண்டனை என்கிறார்.

கையெழுத்துப் போடப் போய், நின்றுவிட்டேன். நோபல் பரிசு வாங்கிய 75 பேர் 2017லேயே எழுதிப் பார்த்தார்கள். அதற்கே அசையாதவர்கள் என் பெயரைப் பார்த்தா அசையப்போகிறார்கள்? கூட இருக்கும் நண்பன் இன்னொன்று சொல்கிறான்: நாம் சத்தம் போடப் போட, பிடித்து வைத்திருப்பவன் கேட்கும் விலைதான் ஏறும் என்று. எல்லாவற்றுக்கும் மேலே, அவர் உளவாளி இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? முகம்கூடப் பார்த்ததில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழுப்புக்காகிதம்

உங்கள் நண்பர் சொல்வதைத்தான் வெளியுறவு அமைச்சகங்களும் குடும்பங்களுக்குச் சொல்கின்றன, கொஞ்சம் மரியாதையான வார்த்தைகளில். அமைதியாக இருங்கள், நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று. அதைக் கேட்டு இருந்தவர்கள் கதையைப் பாருங்கள்.

மேத்யூ ஹெட்ஜஸ், டர்ஹம் பல்கலைக்கழக பிஎச்டி மாணவர், அதாவது உங்களை மாதிரி. அரபு வசந்தத்துக்குப் பிறகு அமீரகத்தின் பாதுகாப்புக் கொள்கை எப்படி மாறியது என்று பேட்டி எடுக்கப் போனவர், 2018 மே 5 அன்று ஊர் திரும்ப துபாய் விமான நிலையத்துக்கு வந்தபோது பிடித்தார்கள். தனிமைச் சிறை. ஐந்து மாதம் குடும்பம் வாயே திறக்கவில்லை. ஒன்றும் நகரவில்லை என்றதும் அக்டோபரில் மனைவி டேனியலா தெஹாடா பத்திரிகைகளிடம் போனார். நவம்பர் 21 அன்று ஆயுள் தண்டனை கொடுத்தார்கள், ஐந்து நிமிடம்கூட நீடிக்காத விசாரணை, பக்கத்தில் வக்கீல் இல்லை. அப்புறம் பிரிட்டனில் கிளம்பிய கூச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை, பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் தங்கள் பல்கலைக்கழகத்தின் துபாய் வளாகத்தையே புறக்கணிக்க வாக்களித்தது. நவம்பர் 26 அன்று மன்னிப்பு. அவர் பிரிட்டிஷ் உளவுத்துறையில் கேப்டன் என்று ஒரு 'வாக்குமூல' வீடியோவை அதே நாள் போட்டுக்காட்டி, அதே கையோடு விடுதலை! உண்மையிலேயே அப்படி ஒரு ஆள் கையில் சிக்கியிருந்தால் ஐந்தே நாளில் அனுப்பிவிடுவார்களா என்ன.

கைலி மூர்-கில்பர்ட் விஷயம் இன்னும் மோசம். மெல்பர்ன் பல்கலைக்கழக விரிவுரையாளர், 2018 செப்டம்பரில் இரானுக்கு ஒரு கருத்தரங்குக்குப் போய்த் திரும்பும்போது தெஹ்ரான் விமான நிலையத்தில் கைது, மூடிய அறையில் விசாரணை, பத்து வருடம். அவர் சிறையில் இருப்பதே வெளியுலகுக்குத் தெரிய ஒரு வருடம் ஆனது. 804 நாள் கழித்து, பாங்காக் குண்டு வழக்கில் தாய்லாந்தில் இருந்த மூன்று இரானியர்களுக்கு மாற்றாக வந்தார். வெளியே வந்த பிறகு அந்த அமைதி வழியை அவரே குறை சொன்னார்.

ஏட்டிக்குப்போட்டி

பழுப்புக்காகிதம் தனக்குத் தோதான இரண்டை எடுத்துப் போட்டிருக்கிறார். ஹெட்ஜஸ் ஐந்து நாளில் வந்தது அமீரகத்துக்கு லண்டன் வேண்டும் என்பதால். கைலி வந்தது மூன்று பேரைக் கொடுத்ததால். கூச்சலால் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? ஜலாலிக்குக் கூச்சல் குறைவா? காரணமில்லாமல் பிடித்து வைப்பதை ஆராயும் ஐநாவின் பணிக்குழு 2017லேயே அவர் காவல் சட்டவிரோதம் என்றுவிட்டது. இந்த ஜூன் மாதம் சுவீடன், தன் சிறையில் ஆயுள் தண்டனையில் இருந்த ஹமீத் நூரி என்ற இரானியரைக் கொடுத்துவிட்டு இரண்டு பேரை வாங்கியது, எட்டு வருடமாக உள்ளே கிடக்கும் ஜலாலி அந்த இருவரில் இல்லை. அவருக்கு சுவீடன் குடியுரிமை கிடைத்ததே 2018ல், சிறையில் இருக்கும்போதுதான், அதனால் அவர் எங்கள் ஆள், உங்களுக்கு என்ன பேச்சு என்கிறது தெஹ்ரான். இதில் மனு எங்கே வேலை செய்கிறது?

அப்புறம் "ஆய்வாளர் என்றால் அப்பாவி" என்ற நினைப்பு வேண்டாம். நார்வேயில் டிரோம்சோ பல்கலைக்கழகத்தில் பிரேசில்காரர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் இருந்தார், 2022ல் உளவு சந்தேகத்தில் பிடித்துப் பார்த்தால் மிகைல் மிகுஷின் என்ற ரஷ்யர், பிறகு அந்தப் பெயரை அவரே ஒப்புக்கொண்டார். எஸ்டோனியாவில் தார்த்து பல்கலைக்கழகப் பேராசிரியர் வியாசெஸ்லாவ் மோரோசோவுக்கு ரஷ்யாவுக்கு உளவு பார்த்ததாகப் போன மாதம்தான் ஆறேகால் வருடம் தீர்ப்பானது.

மழைக்காலம்

ஏட்டிக்குப்போட்டி சொன்ன மிகுஷின், மோரோசோவ் கதை இரண்டும் உண்மை, ஆனால் அவை மனு போடுவதற்குத்தான் சாதகம். மோரோசோவை நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள், வக்கீல் இருந்தார், ஐந்து நிமிடத்தில் முடிக்கவில்லை. நாம் கேட்பது அந்த அளவுதான். நடுச்சாமம், மனுவில் "இவர் உளவாளி இல்லை என்று சாட்சி சொல்கிறேன்" என்று எழுதியிருந்தால் நானும் தயங்குவேன். பெரும்பாலும் அப்படி எழுதியிருக்காது, எடுத்து ஒருமுறை வரிவரியாகப் படியுங்கள். ஆதாரத்தைக் காட்டு, வக்கீல் வைக்க விடு, மருத்துவரிடம் அனுப்பு, இல்லையென்றால் விடு. இதற்கு முகம் பார்த்திருக்க வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நம்மால்தான் சாட்சி சொல்ல முடியும், அரசாங்கத்தாலோ நோபல்காரர்களாலோ அல்ல. நான் களப்பணி செய்பவள். தெரியாத ஊருக்குப் போவது, அதிகாரிகளைத் தேடிப் பார்ப்பது, யாருக்கு யார் வேண்டியவர் என்று கேட்பது, பேர் மாற்றிக் குறிப்பு எழுதுவது, பதிவுகளைப் பூட்டி வைப்பது. எங்கள் நெறிமுறைக் குழு செய்யச் சொல்வதே இவைதான். விசாரணை அதிகாரி மேசையில் இதை அப்படியே கொட்டினால் உளவாளியின் பைதான். ஷியூ வாங் என்ற பிரின்ஸ்டன் மாணவர் இரானை முன்பு ஆண்ட காஜார் வம்சத்து வரலாற்றுக்காக தெஹ்ரான் ஆவணக் காப்பகங்களில் நூறு வருடத்துக்கு முந்தைய காகிதங்களை ஸ்கேன் செய்தார், 2016ல் பிடித்து, கடைசியில் குற்றச்சாட்டில் வந்தது அந்த ஸ்கேன்தான்! இது எங்கள் அன்றாட வேலை, எல்லோரும் இப்படித்தான் செய்கிறோம் என்று அதே துறைக்காரர்கள் நூறு பேர் பெயர் போட்டுச் சொன்னால் அதற்கு ஒரு எடை உண்டு. ஹெட்ஜஸுக்காக அவர் துறைக்காரர்கள் சொன்னதும் இதைத்தான்.

இன்னொன்று, நம் கையிலும் ஒரு பிடி இருக்கிறது, நாம் போவதும் போகாததும். 2019 செப்டம்பரில் ஹொக்கைடோ பல்கலைக்கழகப் பேராசிரியர் இவாதானியை பெய்ஜிங்கில் பிடித்தார்கள், அதுவும் சீன சமூக அறிவியல் அகாதமி அழைத்துப் போனவரை. ஜப்பானில் சீனாவைப் பற்றி எழுதும் ஆய்வாளர்கள், சீனாவோடு நல்ல உறவு வேண்டும் என்பவர்கள் உட்பட, அறிக்கை விட்டார்கள், பலர் பயணத்தை ரத்து செய்தார்கள். நவம்பர் நடுவில் விட்டுவிட்டார்கள். ஷி ஜின்பிங் ஜப்பான் வர இருந்த நேரம், அதுவும் சேர்ந்தது, மறுக்கவில்லை.

ஜலாலிக்கு மனு பலிக்கவில்லை என்கிறீர்கள். 2022 மே 21க்குள் தூக்கு என்று இரானியச் செய்தி நிறுவனமே எழுதியது, நூரி வழக்கு சுவீடனில் நடந்துகொண்டிருந்த சமயம். தேதி தாண்டியது, ஆள் உயிரோடு இருக்கிறார். மனுவால் என்று என்னால் நிரூபிக்க முடியாது. யாருமே கவனிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஏட்டிக்குப்போட்டி

கடைசி பத்திக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் இவாதானிக்கு ஜப்பான் பாஸ்போர்ட் மட்டும் என்பதை மறக்காதீர்கள் அக்கா, பிறந்த நாட்டிலேயே மாட்டுகிறவன் பாடு வேறு.

மழைக்காலம்

மறக்கவில்லை தம்பி. பாரிஸில் சியான்ஸ் போ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஃபரீபா அதெல்காவும் ரோலாந்த் மர்ஷாலும் 2019 ஜூனில் ஒரே சமயத்தில் இரானில் பிடிபட்டார்கள். பிரெஞ்சுக்காரரான மர்ஷால் ஒன்பது மாதத்தில் வீட்டுக்குப் போனார். ஃபரீபா இரானில் பிறந்தவர், உளவுக் குற்றச்சாட்டைக் கைவிட்ட பிறகும் வேறு பிரிவில் ஐந்து வருடம் போட்டார்கள், பாரிஸ் திரும்ப 2023 அக்டோபர் ஆனது. அவ்வளவு நாளும் துறை நண்பர்கள் விடாமல் எழுதினார்கள். யாருக்கு அரசாங்கத்தின் பிடி குறைவோ அவர்களுக்குத்தான் நம் மனு அதிகம் வேண்டும்.

நடுச்சாமம்

மனுவைத் திரும்ப எடுத்துப் படித்தேன். மழைக்காலம் சொன்ன மாதிரிதான் இருக்கிறது, உளவாளி இல்லை என்ற வரியே கிடையாது. போட்டுவிட்டேன், பதவி என்ற இடத்தில் "ஆய்வு மாணவர்" என்று.

அடுத்த வருடம் எனக்கும் களப்பணி இருக்கிறது, எந்த நாடு என்று இங்கே எழுதவில்லை. பயணப் படிவத்தை இன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன். தடுப்பூசிக்கு அரைப் பக்கம், பெட்டி தொலைந்தால் யாருக்கு போன் செய்வது என்று ஒரு பத்தி. என்னையே பிடித்தால் யாருக்கு என்று எங்கேயும் இல்லை. திங்கட்கிழமை மேற்பார்வையாளரிடம் கேட்கப் போகிறேன்.