தைராய்டு கட்டிக்கு ஊசி டெஸ்ட்: நம்பலாமா?

வைகைக்கரை:
அக்காவுக்குக் கழுத்தில் 2.2 செ.மீ. கட்டி. ஊசியால் செல் எடுத்துப் பார்த்தார்கள். முதல் தடவை 'பெதஸ்டா 1' (ரிப்போர்ட்டை 1 முதல் 6 வரை பிரிக்கும் முறை பெதஸ்டா), அதாவது செல் போதவில்லையாம். மூன்று மாதம் கழித்து மறுபடி குத்தினார்கள், 'பெதஸ்டா 4'. கடைசியில் பாதித் தைராய்டை எடுத்துப் பார்த்தால் சாதாரணக் கட்டி! இந்த டெஸ்டுக்கு எதற்கு இரண்டு தடவை குத்து? நேராக ஆபரேஷன் செய்திருக்கலாமே.

ஸ்லைடுக்காரன்:
அக்கா நலம் என்பதில் சந்தோஷம், ஆனால் கோபத்தை ஊசி மேல் காட்டாதீர்கள். பெதஸ்டா 4 என்றால் ஃபாலிக்குலர் வகைக் கட்டி. அது கேன்சரா இல்லையா என்பது தனிச் செல்லைப் பார்த்தால் தெரியாது, கட்டியைச் சுற்றியுள்ள உறையையோ ரத்தக்குழாயையோ துளைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஊசியில் வருவதோ உதிரிச் செல்கள்தான், உறை எங்கிருந்து வரும்? 2023 பெதஸ்டா பதிப்புப்படி இந்த வகையில் கேன்சர் வாய்ப்பு சராசரியாக 30%. ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை.

வைகைக்கரை:
அப்படியென்றால் பத்தில் ஏழு பேர் சும்மா கழுத்தை அறுத்துக்கொள்கிறார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள்.

ஸ்லைடுக்காரன்:
அந்த வகையில் மட்டும். தைராய்டு கட்டிகளில் நூற்றுக்கு 5 முதல் 15 வரைதான் கேன்சர். ஊசி போட்டவர்களில் பெரும்பாலோருக்கு வருவது பெதஸ்டா 2, அதாவது சாதாரணக் கட்டி, கத்தியே வேண்டாம். உங்கள் யோசனைப்படி எல்லோரையும் மேசையில் படுக்க வைத்தால் குரல் நரம்பு பாதிப்பு, கால்சியம் குறைவது, முழுதாக எடுத்தால் ஆயுளுக்கும் மாத்திரை... யார் பதில் சொல்வது?

வைகைக்கரை:
பெதஸ்டா 2 மட்டும் சுத்தமா? அதிலும் சராசரி 4% கேன்சர் என்று அதே பதிப்பில்தான் இருக்கிறது.

ஸ்லைடுக்காரன்:
இருக்கிறது. ஆனால் அது ஆபரேஷன் ஆனவர்களை வைத்துப் போட்ட கணக்கு. பெதஸ்டா 2 வந்தும் ஆபரேஷனுக்குப் போகிறவர் யார்? கட்டி வளர்கிறது, ஸ்கேனில் சந்தேகம் என்பவர்கள்தான். மற்றவர்களையும் சேர்த்தால் குறையும்.

பொள்ளாச்சி_பேரன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், யார் குத்துகிறார்கள், எப்படிக் குத்துகிறார்கள் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. என் சித்தியின் கட்டியில் பாதி நீர். ஓரிடத்தில் கையால் தடவிப் பார்த்துக் குத்தினார்கள், நீர்தான் வந்தது, 'பயமில்லை' என்று அனுப்பிவிட்டார்கள். வேறு இடத்தில் ஸ்கேனில் பார்த்தபடியே கெட்டியான பகுதியில் குத்திய பிறகுதான் பாப்பிலரி கேன்சர் என்று தெரிந்தது. டெஸ்டா தப்பு?

ஸ்லைடுக்காரன்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ஸ்லைடில் குறைந்தது 6 கூட்டம், கூட்டத்துக்கு 10 செல்லாவது இருக்க வேண்டும். வெறும் நீரை வைத்துப் 'பயமில்லை' என்று சொல்லவே கூடாது, அதுவும் பெதஸ்டா 1தான். வைகைக்கரை, முதல் ஊசி ஸ்கேன் பார்த்துப் போட்டதா?

வைகைக்கரை:
ஃபைலை எடுத்துப் பார்த்தேன். முதல் தடவை ஸ்கேன் இல்லை, இரண்டாவதுதான் பார்த்துப் போட்டது. சரி, அது ஊசியின் குற்றமில்லை. ஆனால் பெதஸ்டா 4 வந்த அன்று கேன்சர்தான் என்று நினைத்துக்கொண்டு அக்கா மூன்று வாரம் தூங்கவில்லை. அந்த 30% கணக்கை ஒருவர்கூட எங்களிடம் வாய்திறந்து சொல்லவில்லை சார்.